மைக் ரிப்பேர்

ஒண்ணே ஒண்ணுதான், இன்னும் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி, இசக்கி ஆறு, நான் அஞ்சு, ரஹ்மத் ரெண்டு, ரஹ்மத்தை விடு, அவ ஜெயிக்கதுக்கா வாறா, குவைத்துல தனியா கெடக்கவளுக்கு நம்ம கூட்டத்துச் சத்தம் காதுல விழுந்தாப் போதும், ஆனா இசக்கி அப்படியா, அவ ஜெயிக்கதுக்குன்னே பெத்துப் போட்ட பிள்ள, மும்பையில உக்காந்துக்கிட்டு ஆஸ்டல்ல இருந்த அதே வாயோட "செண்பகம் தோத்தா, செண்பகம் தோத்தா"ன்னு கை கொட்டுதா, கொட்டுளா கொட்டு, ஆட்டம் இன்னும் முடியல. கேள்வி கேக்குத ஜெபக்கனி போனை அப்படியே வச்சிட்டு எந்திரிச்சுப் போயிருக்கா. "பிள்ளைகளா, வாசல்ல ஆளு வந்திருக்கு, அஞ்சே நிமிசம், கடைசிக் கேள்வி, ஒருத்தியும் கட் பண்ணிராதிய"ன்னு சொல்லிட்டுப் போனா, இப்ப அவ வீட்டு ஃபேன் சத்தம் மட்டும் தூத்துக்குடியில இருந்து இங்க வந்துக்கிட்டு இருக்கு. நாப்பத்தாறு வயசுக்காரிக்கு ஞாயித்துக்கெழமை நாலு மணிக்கு, தோசைக்கு ஊறப்போட்ட அரிசி ஒரு பக்கம் கெடக்க, நெஞ்சு இப்படி அடிக்கலாமா, அடிக்கே, என்ன செய்ய. போன மாசம் ஆரம்பிச்ச கூத்து இது. ஜெபக்கனிக்குக் காலேஜ் நாள்லயே ரேடியோவுல செய்தி வாசிக்கணும்னு ஆசை, கெடைச்சது பல் டாக்டர்ட்ட டோக்கன் நம்பர் கூப்பிடுத வேலை, அந்த ஆசையெல்லாம் சேத்து வச்சி ஒரு பாட்டுல பாதி வரியை எடுத்து ராகம் இல்லாம, மூஞ்சியில சிரிப்பு இல்லாம, செய்தி மாதிரி வாசிப்பா, நாங்க மீதி வரியைப் பாடணும். வாசிக்கும்போது அது பாட்டு மாதிரியே இருக்காது, அதான் வினை. "கண்ணாடி வளையல் ரெண்டு கணக்குச் சொல்லி உடைந்ததடி"ன்னு கொஞ்சம் முன்னால வாசிச்சா பாரு, எங்கேயோ கடையில திருட்டுப் போயிருக்குன்னு நெனச்சேன், இசக்கி அந்தால டபக்னு பாடிட்டா. பாடினா ரெண்டு, டைப் அடிச்சா ஒண்ணு. டைப் அடிக்கது எனக்காக மட்டும் போட்ட சட்டம், ஏன்னா என் போன்ல மைக் ரிப்பேர்.

மைக் ரிப்பேர்னு நான் சொன்னது. அஞ்சு வாரமா சொல்லுதேன். கேமராவும் ஓடலன்னு சொல்லியிருக்கேன். "ஒரு போனை வாங்கித் தொலையேம்ளா, பிசினாரி"ன்னு இசக்கி வாராவாரம் ஏசுதா, நான் சிரிப்புப் பொம்மையை அனுப்பிட்டு விட்டுருதேன். போன்ல ஒரு கோளாறும் கெடையாது, போன் பொன்னு மாதிரி இருக்கு, எனக்குத்தான் தொண்டை போச்சு. நாலு மாசத்துக்கு முந்தி கழுத்துல கட்டி, தைராய்டு, ஆபரேசன், நல்ல கட்டிதான் பயப்பட ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாவ, சாமிக்கு முடி எறக்கிட்டு வந்தாச்சு, ஆனா கண்ணு முழிச்சி "தண்ணி"ன்னு கேட்டேன் பாரு, அந்தச் சத்தம் என் வாயில இருந்து வந்த மாதிரியே இல்ல, பக்கத்துக் கட்டில்ல யாரோ ஆம்பிளையாளு கேக்காவன்னு நெனச்சி நானே திரும்பிப் பாத்தேன். எம் மவ சிரிச்சிட்டா. அப்புறம் வெளிய போய் அழுதுட்டு வந்தா, கண்ணு செவந்து இருந்திச்சு, கேட்டா தூசின்னுட்டா. குரலுக்குப் போற நரம்பு அசந்து கெடக்காம், முழிச்சாலும் முழிக்கும், இப்படியே இருந்தாலும் இருக்கும், பேசிப் பேசித்தான் பாக்கணும்னு டாக்டரம்மா சொன்னா. தெனமும் காலையில ஒரு டம்ளர் தண்ணியில ஸ்ட்ராவை விட்டு ம்ம்ம்ம்னு ஊதுதேன், தண்ணி குமிழி விடுது, எங்க வீட்டுக்காரரு, இவ்வொ, பேப்பரை மடக்கிட்டு "நேத்தைக்கு இன்னைக்கு நல்லாருக்கு"ங்காவ, பாவம், தெனமும் அதையேதான் சொல்லுதாவ. வீட்டுல பேசுதேன், காய்க்காரர்ட்ட பேசுதேன், ஆபீசுல பேசாம முடியுமா, பேசுதேன், அவங்க கேட்டா கேக்கட்டும், கேக்காட்டி போகட்டும். இவளுவட்ட மட்டும் முடியல. ஏன்னா இவளுவளுக்கு நான் யாரு, ரூம் நம்பர் பதினேழுல பாடுதவ. ரஹ்மத்துன்னா மருதாணி போடுதவ, ஜெபக்கனின்னா ஜெபம் பண்ணுதவ, இசக்கின்னா சண்டைக்காரி, செண்பகம்னா பாடுதவ, அவ்வளவுதான், வேற என்ன இருக்கு என்கிட்ட, தலைமுடி அன்னைக்கே கம்மி. குளிக்கப் போனா பாட்டு, துணி துவைச்சா பாட்டு, கரண்டு போச்சுன்னா மூணாவது மாடியில இருந்து "ஏ பதினேழு, பாடுங்க பிள்ள"ன்னு சத்தம் வரும், நான் ஒரு பிகு பண்ணிட்டுத்தான் பாடுவேன், அந்தப் பிகு இருக்கே, அது பாட்டைவிட நல்லாருக்கும். அதெல்லாம் தொண்டைக்குள்ள இருந்து யாரோ கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாவ. இவளுவட்ட சொன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், ரஹ்மத் அழுவா, அழுதா எனக்கும் வந்துரும். ஜெபக்கனி போன்லயே கண்ணை மூடி "ஆண்டவரே"ன்னு ஆரம்பிச்சா அரை மணி நேரம். அதுகூட தாங்கிருவேன். இசக்கி எனக்கு விட்டுக்குடுப்பா. அதான். தெரிஞ்ச பாட்டைத் தெரியாத மாதிரி இருந்துட்டு "நீ பாடுளா"ன்னு சொல்லுவா. இருபத்தஞ்சு வருசத்துல ஒரு கேரம்போர்டு காயைக்கூட எனக்கு விட்டுக்குடுக்காதவ. இசக்கி எனக்கு விட்டுக்குடுத்தான்னா நான் செத்துட்டேன்னு அர்த்தம்.

திருடனைத் தேள் கொட்டுன கதைதான், கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது, வாயில வரிசையா பாட்டு வந்து நிக்கி, விரலால தட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். விரலும் லேசுப்பட்டதில்ல பாத்துக்க, இருபது வருசம் ஆபீசுல தட்டின விரலு, அஞ்சு கேள்விக்கு இவளுவ இழுத்துப் பாடி முடிக்கதுக்குள்ள தட்டி அனுப்பிட்டேன்லா. இப்ப கணக்கு என்னன்னா, கடைசிக் கேள்வியை நான் தட்டினா ஆறு, இசக்கியும் ஆறு, சமம், யாருக்கும் மானக்கேடு இல்ல, பாடினா ஏழு, ஜெயிச்சேன். பாடினாத்தான. சரி, தட்டிருவோம், சமம் நல்லதுதான, சமத்துக்கு என்ன கொறைச்சல்? ஆனா அடுத்த ஞாயிறும் மைக் ரிப்பேர், அதுக்கு அடுத்த ஞாயிறும் மைக் ரிப்பேர், பொங்கலுக்கும் ரிப்பேரு, எம் மவ கல்யாணத்துக்கு இவளுவ நேர்ல வந்து நிப்பாளுவளே, அப்ப என்ன சொல்லுவ, வாயே ரிப்பேருன்னா? டீ ஆறி ஆடை கட்டிப் போச்சு. குடிக்கவா வேண்டாமா, குடிச்சா தொண்டை எளகும், எளகி என்ன செய்ய, பாடவா போற, பாடலன்னா ஏன் நெஞ்சு இப்படி அடிக்கி? அடுத்த ரூம்ல இவ்வொ ஒறங்குதாவ, கதவு சாத்தியிருக்கு. "வந்துட்டேன், வந்துட்டேன்!" ஜெபக்கனி. "கடைசிக் கேள்வி. முப்பது வினாடி. தயாரா?" "ஏ ரெடிளா, சும்மா இழுக்காத, செண்பகம் அழுதுருவா"ன்னு இசக்கி. நான் பல்லைக் கடிச்ச பொம்மையை அனுப்பினேன். ஜெபக்கனி தொண்டையைச் செருமினா, மகராசி, என்ன சுத்தமான செருமல், செருமினா சரியாப் போற தொண்டை. "வணக்கம். செய்திகள் வாசிப்பது ஜெபக்கனி. ஊரெல்லாம் மழை பெய்தாலும், உனக்கும் எனக்கும்." நிறுத்திட்டா. "மீதி வரியைப் பாடவும்."

ஊரெல்லாம் மழையா, எந்த ஊர்ல மழை, வானிலை அறிக்கை மாதிரில்லா வாசிக்கா, ஊரெல்லாம், ஊரெல்லாம், ராகத்தைப் போடு, ராகத்தைப் போட்டாத்தான் வரும், மேல எடுக்கவா கீழ எடுக்கவா, "இரு இரு இரு, எனக்குத் தெரியும், நாக்குல நிக்கி"ன்னு இசக்கி மொணங்குதா, நிக்கட்டும், அங்கனயே நிக்கட்டும், ஊரெல்லாம் மழை, பெய்தாலும்னு ஒரு இழுப்பு வரும்லா, இழுத்துட்டு ஒரு தபேலா உருட்டு, ஆமா, வந்துட்டு, வந்துட்டு, ஏ அம்மா வந்துட்டு, அந்தப் பாட்டுல்லா! முழுசா வந்துட்டு, தலையில இருந்து கால் வரைக்கும் மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு, ஒரு வாரம்கூட ஓடாத படம், அந்தப் பாட்டு எங்களுக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சிக்கிட்டு இருப்போம், இருபது வினாடின்னு ஜெபக்கனி சொல்லுதா, விரல் அதுபாட்டுக்கு ஊன்னு அடிச்சிட்டு, அடி, ஊரெல்லாம்னு அடி, செண்பகம், அடிச்சிரு, சமம், சமம் போதும், ஆனா பாட்டு தொண்டைக்கு வந்துட்டே, விரலுக்கு வரலையே, விரலுக்கு ராகம் தெரியாதே, அந்த இழுப்பை எப்படி டைப் அடிக்க, எத்தனை துணைக்கால் போட? ஊவை அழிச்சேன். அழிச்சிட்டு மறுபடி அடிச்சேன். பதினஞ்சு. ஸ்கிரீன்ல மைக் படத்துக்குக் குறுக்க செவப்புக் கோடு, அஞ்சு வாரமா அதைத் தொட்டதே இல்ல, சூடான சட்டி மாதிரி விரல் அதுக்கிட்டப் போய்த் திரும்பி வருது. சிரிச்சாளுவன்னா? சிரிக்கட்டும். சிரிக்கலன்னா? சிரிக்காம ஒரு நிமிசம் ஒண்ணும் பேசாம இருந்தாளுவன்னா, அதை எப்படித் தாங்க? "ஊரெல்லாம், ஊரெல்லாம்"னு இசக்கி ராகத்தை நெருங்கிட்டா, சவத்து மூதி, கிட்ட வந்துட்டா, இன்னும் ரெண்டு எட்டு வச்சான்னா பிடிச்சிருவா, என் பாட்டை இவ பாடவா, அதும் என் கண்ணு முன்னால, அதும் அந்த மூக்கால பாடுத பாட்டு! பத்து. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, மொழம் என்ன. அமுக்கிட்டேன்.

பாடினேன். ஐயோ, பாடினேன், "ஊரெல்லாம்"னு எடுத்தேன், எடுத்த எடத்துல குரல் இல்ல, வெறும் காத்துதான் வந்திச்சு, அந்தால கீழ எறங்கி, நான் வாழ்நாள்ல கால் வைக்காத ஒரு கீழ்ப் படியில போய் நின்னு பிடிச்சேன், கரகரன்னு, தகரத்தை இழுத்த மாதிரி, ஆனா ராகம் தப்பல, சத்தியமாத் தப்பல, மழை பெய்தாலும்னு அந்த இழுப்பை இழுத்தேன், நடுவுல ஒரு எடத்துல அத்துப்போய் மறுபடி ஒட்டிச்சு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன், உனக்கும் எனக்கும்னு வந்து கடைசி வார்த்தை வரைக்கும் போய் வுழுந்தேன். மூச்சு வாங்குது. யாரும் பேசல. அந்த நிமிசம், நான் பயந்த அதே நிமிசம். அப்புறம் ரஹ்மத், "யா அல்லா, யாரும்மா அது பாடுனது?" இசக்கி ஒரே கத்து: "ஏளா செண்பகம்! அண்ணாச்சி கையில போனைக் குடுத்துட்டியா? வீட்டுக்காரரை வச்சிப் பாடி ஜெயிக்கப் பாக்கியா, அழுகுணி ஆட்டம்! மைக் ரிப்பேர், மைக் ரிப்பேர்னு சொல்லிட்டு இப்ப எப்படிளா வேலை செய்யி? ஜெபா, இது செல்லாது!" சிரிப்பாளுவன்னு நெனச்சேன், அழுவாளுவன்னு நெனச்சேன், நான் இல்லன்னு நெனப்பாளுவன்னு நெனக்கவே இல்ல. மூணு வருசம் ஒரே ரூம்ல பாய் போட்டுப் படுத்தவளுவளுக்கு என் சத்தம் தெரியல. சொல்லிரவா, நாந்தாம்ளான்னு, இல்ல அப்படியே விட்டுரவா, ஆமா இவ்வொதான் பாடுனாவன்னு டைப் அடிச்சிரவா, எவ்வளவு சுலபம், இவ்வொளும் நல்ல மனுசன், கேட்டா ஆமான்னு சொல்லிருவாவ. ஜெபக்கனி மட்டும் செய்தி வாசிப்புக் குரல்லயே மரியாதையா, "அண்ணாச்சி, ராகமெல்லாம் சரிதான், நல்லாத்தான் பாடுனிய, ஆனா கடைசியில ஒரு வார்த்தை தப்பு. வடையொன்று போதும் இல்ல அண்ணாச்சி. குடையொன்று போதும். நெட்டுல இங்கன போட்டிருக்கு, உனக்கும் எனக்கும் குடையொன்று" அதோட நின்னுட்டா.

குடையா? மழைக்குக் குடைதான, வேற என்ன, எந்தக் கிறுக்கன் மழைக்கு வடையைப் பிடிப்பான், ஆனா எனக்கு இந்த நிமிசம் வரைக்கும் அது வடைதான். எங்க நாலு பேருக்கும் வடைதான். ரூம்ல ஒரே ஒரு கேசட்டு, சரியா அந்த எடத்துல டேப் மடங்கிப் போய் மொத எழுத்து கேக்காது, "டையொன்று போதும்"னுதான் கேக்கும், புதன்கெழம சாயங்காலம் மெஸ்ஸுல ஆளுக்கு ஒரு உளுந்தவடை, பசியில கெடந்த பிள்ளைகளுக்கு அது வேற என்னவாக் கேக்கும், வடையைப் பிச்சிக்கிட்டே பாடியிருக்கோம், ஒருத்திக்குக்கூட சந்தேகம் வரல. இந்த ஒலகத்துல அந்தப் பாட்டை வடைன்னு பாடுத சீவன் நாலே நாலுதான் உண்டு. அதுல அண்ணாச்சி கெடையாது. குவைத்துல ஒரு கார் ஹாரன் அடிச்சது கேட்டுது. "செம்பா?"ன்னு ரஹ்மத் பையக் கேட்டா, "செம்பா, நீயாளா?" "ம்"னேன். "தொண்டைக்கு என்னளா ஆச்சு?" "ஆபரேசன். அப்புறமாச் சொல்லுதேன், எல்லாம் சொல்லுதேன், அழாத ரஹ்மத்து, ஒண்ணும் இல்ல, நல்லாருக்கேன். ஜெபா, பாயிண்டைப் போடு." என் சத்தம் எனக்கே கேட்டுது, கட்டக் கொரலு, பரவால்ல, முழு வாக்கியமா வந்திச்சு. ஜெபக்கனி மூக்கை உறிஞ்சினா. "போடுதேன்ளா, ரெண்டு பாயிண்டு" அப்படின்னு ஆரம்பிக்கா, வேண்டாம், இரக்கப்பட்டுப் போடாத, அதுக்குள்ள இசக்கி, அவ குரலும் ஒடஞ்சிதான் இருந்திச்சு, அழுதுக்கிட்டேதான் சொன்னா, மூக்காலதான் சொன்னா, "எதுக்குப் போடுவ? குடைன்னு போட்டிருக்கான், இவ வடைங்கா. வரி தப்பு. பாயிண்டு கெடையாது. நாந்தான் ஜெயிச்சேன்." எனக்கு எங்கேயிருந்து வந்துச்சோ தெரியல, போனை வாய்க்கு நேரப் பிடிச்சிக்கிட்டு, "எவளா சொன்னா தப்புன்னு? நீயும்தான மூணு வருசம் வடைன்னு பாடுன? வாயில வடையை வச்சிக்கிட்டே பாடுனியே, என் பங்கையும் சேத்துத் தின்னியே, அன்னைக்குத் தெரியலையோ குடைன்னு? நெட்டுல ஆயிரம் போடுவான், நம்ம ரூமுக்கு வடைதான், போடுளா ரெண்டை!" "முடியாது." "போடுங்கேன்!" "முடியாதுன்னா முடியாது, நீ தலைகீழா நின்னாலும் முடியாது!" "ஏ இசக்கி, மும்பைக்கு வந்து மிதிப்பேன் பாத்துக்க!" கதவு திறந்து இவ்வொ தூக்கக் கலக்கத்துல, வேட்டியைப் பிடிச்சிக்கிட்டு, வீட்டுக்குள்ள யாரு வந்திருக்கான்னு பாக்க ஓடி வந்து நிக்காவ, நான் கையை ஆட்டி இருங்கன்னுட்டு இன்னும் கத்துதேன், கழுத்து நரம்பு எல்லாம் பொடைக்கி, இசக்கி அங்க அழுகையும் சிரிப்புமா ஒரே போடாப் போட்டா: "கத்தாதளா சண்டாளி, காது கிழியுது!" யாரைச் சொல்லுதா? என்னையா? என்னைத்தான். நான் மறுபடியும் கத்தினேன்.